ஐந்து பொட்டலங்களும் ஒரு கேள்வியும்

வெள்ளிக்கிழமைக்குள் என் மனைவி ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாக வேண்டும். பதில் இப்போதைக்கு வேண்டாம், கேள்வி கிடைத்தால் போதும். அதற்கே எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒருவருக்கும் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. ஒருவருக்கும் என்றால் இரண்டே பேர்தான். பையன் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். கரமனை அக்ரஹாரத்தில் அந்த ஒடுங்கலான வீட்டில் நானும் அவளும் ஒரு நோட்டுப் புத்தகமும். அவள் ஒரு வரி எழுதுவாள், வாய்விட்டு வாசிப்பாள், பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு காகிதத்தில் விழும் சத்தம் எனக்குப் பூஜை அறையில் இருந்தாலும் கேட்கும்.

அவள் சாலை பஜார் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாலாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்ன எல்.பி. பள்ளி. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் வேலைக்கு நிற்கிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே படிப்பது. எம்.எட். படிப்பதற்காக ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தாள், நாற்பத்திரண்டாவது வயதில். அந்தப் படிப்பில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். 'இதைத்தான் நான் கண்டுபிடிக்கப் போகிறேன்' என்று முதலில் ஒரு கேள்வியை எழுதி, வழிகாட்டும் பேராசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். இல்லாவிட்டால் லீவு முடிந்து வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னொரு லீவு கிடைக்காது.

இதே படிப்பில் அவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை சேர்ந்தவள். மூன்றாம் மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரி, கஷாயம், பத்தியம் என்று நாலைந்து மாதம் ஓடியது. "உங்க உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் போய்க்கறேன்" என்று புஸ்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டாள். அந்த அடுத்த வருஷம் வந்து சேரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இந்தத் தடவையும் நழுவிவிட்டால் நான் எந்த முகத்தோடு அவள் கையால் சாப்பிடுவது?

நான் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு, நாகர்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். ஆராய்ச்சி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்குத் தெரிந்தது பிள்ளையார் முன்னால் போய் நிற்பதுதான். அந்த மூன்று வாரமும் ஹோட்டலுக்குப் போகும் வழியில் தினம் ஒரு தேங்காய் உடைத்தேன். "அப்பனே, அவளுக்கு ஒரு கேள்வியைக் கொடு" என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு பிரார்த்தனையை அவர் அதற்கு முன்னால் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பேராசிரியையின் வீடு சாஸ்தமங்கலத்தில். முதல் தடவை அவளோடு நானும் போனேன். உள்ளே கூப்பிட்டும் போகாமல் சிட்-அவுட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்செல்லாம் காதில் விழுந்தது. 'கேரளத்தில் தமிழ்க் குழந்தைகளின் கல்விப் பிரச்சினைகள்' என்று என் மனைவி வாசித்தாள். கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. அந்த அம்மாள் மலையாளி. என் மனைவிக்காகத் தமிழும் கலந்து பேசினார்.

"கேரளம் முழுக்கவுமோ டீச்சரே? காசர்கோடு தொட்டுப் பாறசாலை வரைக்குமோ?"

"இல்லை மேடம், திருவனந்தபுரத்தில..."

"செரி. ஏது குட்டிகள்? நடக்கப் படிக்குந்நதோ, காலேஜில் போகுந்நதோ?"

"ஸ்கூல் குழந்தைகள் எல்லாரும்..."

"எல்லாரும்! பிரச்சினைன்னா எந்தப் பிரச்சினை? பாஷையோ, பசியோ, வீட்டில் விளக்கில்லாததோ?"

என் மனைவியின் பேனா குறுக்கே கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இது ஒரு ஆயுசுக்குள்ள வேலை. எனக்கு ஆறு மாசத்தில் தீருகிற ஒரு வேலை மதி, அது போதும். ஒண்ணு சொல்லட்டே? நீ கேட்கிற கேள்விக்கு, அதில் சம்பந்தப்பட்ட ஒராளை நிறுத்திக் கேட்டா அவன் உட்கார்ந்து பதில் சொல்ல முடியணும். முடிஞ்சா அது கேள்வி. இல்லைன்னா பிரசங்கம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்த அம்மா ரொம்பக் கறாரோ?" என்றேன்.

"அவா சொல்றது சரிதான். அதனாலதான் அழுகை வர்றது."

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவள் மட்டும் போய்வந்தாள். இரண்டு தடவையும் அதே கதைதான். தலைப்பு மாறும், சமுத்திரம் மாதிரி அகலம் மட்டும் அப்படியே இருக்கும். கொஞ்சம் சின்னதாக எழுதிப் பாரேன் என்று நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"சின்னதா எழுதினா? எல்.பி. ஸ்கூல் டீச்சரோட புத்தி இவ்வளவுதான்னு சிரிக்கமாட்டாளா? என்கூடப் படிக்கறதெல்லாம் இருபத்திமூணு வயசுக் குழந்தைகளாக்கும். அதுகள்ளாம் எத்தனை பெரிசு பெரிசா எழுதறதுகள் தெரியுமா உங்களுக்கு?"

எனக்கு எங்கே தெரியும்? ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. ஹோட்டலிலும் கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். ஒரு நாள் சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டர் அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். திருநெல்வேலிக்காரர், வாய் சும்மா இருக்காது.

"சாமி, உளுந்து கேட்டா தொவரம்பருப்பு அளந்து விட்டிருக்கீரே. நாளைக்கு இட்லித் தட்டுல சாம்பாரையே ஊத்தி அவிச்சிருவோமா?"

"மறந்துபோச்சு ஓய்."

"வீட்ல மாமி பரிச்சை எழுதுதாவ, இங்க நீரு ஃபெயிலாவுதீரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உளுந்தை அளந்து கொடுத்தேன். அதையும் இரண்டு தடவை அளந்தேன்.

வியாழக்கிழமை அவள் லைப்ரரிக்குப் போயிருந்தாள். மறுநாள் கெடு. அன்றைக்கு எனக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. வீட்டில் தனியாக இருந்தேன். நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. எண்ணிப் பார்த்தேன். கோடு விழாமல் மிஞ்சியிருந்தவை ஐந்து. ஐந்தில் எது என்று முடிவெடுக்க முடியாமல்தான் தவிக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் இப்படித் தவிப்பு வந்தால் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். கல்யாணத்துக்கு ஜாதகம் இரண்டு பொருந்தி வந்தாலும் சரி, வீடு மாற வேண்டுமா வேண்டாமா என்றாலும் சரி, சுவாமி முன்னால் பொட்டலம் கட்டிப் போட்டுவிட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். எடுத்தது உத்தரவு. அதற்குமேல் பேச்சில்லை.

காலண்டர் தாளைக் கிழித்து ஐந்து சீட்டு ஆக்கினேன். தலைப்புகள் நீளமாக இருந்தன, சீட்டு சின்னதாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை மட்டும் எழுதினேன். ஒவ்வொன்றையும் ஒரு செவ்வரளியோடு வைத்து மடித்து, நூல் சுற்றி, அம்பாள் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் போட்டேன். பக்கத்து வீட்டு நாலு வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"மாமா, இதுல மிட்டாயி உண்டா?"

"மிட்டாய் இல்லைடி கண்ணு. கேள்வி இருக்கு."

"அப்போ எனக்கு வேண்டா."

"ஒண்ணே ஒண்ணு எடு, கல்கண்டு தரேன்."

கையை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் எறிந்துவிட்டுக் கல்கண்டை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தேன். 'தாய்மொழி' என்று இருந்தது. நோட்டைப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு தலைப்பு 'தாய்மொழி' என்றுதான் ஆரம்பித்தது. இரண்டு சீட்டிலும் நான் அந்த ஒரே வார்த்தையைத்தான் எழுதித் தொலைத்திருக்கிறேன்!

மறுபடியும் பொட்டலம் போடலாமா? சுவாமியிடம் இரண்டாம் தடவை கேட்பது முதல் தடவை சொன்னதை நம்பாத மாதிரி ஆகிவிடும். நின்று நின்று பார்த்தேன். கடைசியில் இரண்டில் எது நீளமோ, எது கேட்க கௌரவமாக இருந்ததோ, அதை நானே எடுத்தேன். 'தாய்மொழிக் கல்வியும் குழந்தையின் மன வளர்ச்சியும்.' சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அம்பாள் உத்தரவு ஆயாச்சு. இதைத்தான் எழுதணும்."

அவள் களைத்துப்போயிருந்தாள். பைக்குள் நாலைந்து தடிப் புஸ்தகம். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரி" என்றாள். அவளுக்கும் பக்தி உண்டு. அந்த "சரி"தான் என்னை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலேஜில் பேராசிரியையின் அறை வாசலில் நான் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் அவள் வெளியே வந்தாள். படியில் இறங்கி, கொன்றை மரத்தடிக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"ஏன் இந்தக் கேள்வியை எடுத்தேன்னு கேட்டா. எனக்கு ஒரு காரணமும் வாயில வரலை. ஆத்துக்காரர் பூக்கட்டிப் பாத்தார்னு சொல்லிட்டேன்."

"அட ராமா! அப்படியேவா சொன்னே? என்ன சொன்னா?"

"சிரிச்சா. கண்ணுல ஜலம் வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம், தேவி தந்த கேள்வின்னா தீஸிஸையும் தேவியே எழுதித் தரட்டேன்னா."

"அவ்வளவுதானா? முடிஞ்சுபோச்சா?"

"திங்கக்கிழமை காத்தால பத்து மணிக்குப் பட்டியல் ஆபீசுக்குப் போறதாம். அதுக்குள்ள வந்தா பாக்கறேன்னா. பாவம் பாத்துச் சொன்னது. எனக்குத் தெரியாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண் காய்ந்துதான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க நான் செய்த காரியம் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் நேரத்தை வீணாக்கியது ஒரு பக்கம். அம்பாள் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேனே, அதற்கு என்ன பிராயச்சித்தம்? சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு சீட்டிலும் ஒரே வார்த்தை எழுதியது, நானாக ஒன்றைப் பொறுக்கியது, எல்லாவற்றையும்.

அவள் கொழுக்கட்டைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. துருவுவதை நிறுத்தவில்லை.

"அப்போ அம்பாள் சொல்லலை. நீங்கோ சொன்னேள்."

"ஆமா."

"எப்பவும் நீங்கோதானே சொல்றது."

அதை ஏன் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரியாத மாதிரி இருந்துவிட்டேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்தார். சின்னப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். மொபெட்டை அணைக்காமலே உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா ரெடியா? இன்னும் ஏழு ஆத்துல பூஜை பாக்கி இருக்கு" என்றார். மணையில் நான் உட்கார்ந்தேன். என் வலது பக்கத்தில் அவள் உட்கார்ந்து, தர்ப்பையால் என் கையைத் தொட்டுக்கொண்டாள். சங்கல்பம் ஆரம்பமாயிற்று. வாத்தியார் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். என்றைக்கும் சொல்வதுதான். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி என்று தொடங்கும். அப்புறம் இன்ன கல்பம், இன்ன மன்வந்தரம், கலியுகம், அதில் முதல் பாதம். பிறகு இடம். ஜம்பூத்வீபம், பாரத வருஷம், மேருவுக்குத் தெற்கே. பிறகு இன்ன வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். அப்புறம்தான் நாங்கள், எங்கள் குடும்பம். எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்றைக்கு இந்தப் பூஜையைச் செய்கிறேன் என்கிற ஒரே காரியம்.

பாதியில் என் கையை அழுத்திக்கொண்டிருந்த தர்ப்பை நகர்ந்துவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கையைத் தொட்டுக்கோங்கோ" என்றார் வாத்தியார்.

"இதெல்லாம் சுவாமிக்குத் தெரியாதா? ஏன் இத்தனையும் சொல்லணும்?" என்றாள், நடு சங்கல்பத்தில்.

"என்ன மாமி நீங்கோ, இப்போ போய்க் கேக்கறேளே! பானு வாஸர யுக்தாயாம்... மாமா, சொல்லுங்கோ."

"நீ சும்மா இரு" என்று நான் அதட்டிவிட்டு மந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். தர்ப்பை திரும்ப வந்து தொட்டது. நைவேத்தியத்தை நீங்களே பண்ணிக்கோங்கோ என்று வாத்தியார் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். கொழுக்கட்டை வெந்து வெடித்துப் பூரணம் வெளியே வரும் வாசனை வந்தது. என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பார்க்காமல், எருக்கம்பூ மாலை சுற்றி வந்த ஈரக் காகிதத்தை மேடைமேல் விரித்து அதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நைவேத்தியம் கருகறதுடி!"

"ஒரு நிமிஷம் இருங்கோ. இடம் சொல்லியாச்சு. வருஷம் சொல்லியாச்சு. யாருன்னு சொல்லியாச்சு. இப்போ காரியம்."

அடுப்பை நான்தான் அணைத்தேன். வெடிக்காமல் பிழைத்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கிப் பிள்ளையாருக்கு வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தக் காகிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

'திருவனந்தபுரத்தில், சாலைப் பகுதியிலுள்ள ஒரு தமிழ்த் தொடக்கப் பள்ளியில், கடந்த மூன்று ஆண்டுகளில் நான்காம் வகுப்பு முடித்து, ஐந்தாம் வகுப்பில் மலையாள மீடியத்துக்கு மாறிய குழந்தைகளின் வீடுகளில், அந்த மாற்றத்தைத் தீர்மானித்தது யார்? அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன?'

"வருஷா வருஷம் மே மாசத்துல நானும் உக்காந்து டி.சி. எழுதறேன்" என்றாள். "அதை வாங்க வர்ற அப்பாகிட்ட ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்லை."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா, டீச்சராத்துல என்ன செஞ்சேள்னு திருப்பிக் கேட்டுடுவாளோன்னு பயம்."

எங்கள் பையனும் நாலாம் வகுப்பு வரைக்கும் அவள் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். ஐந்தாம் வகுப்பில் மலையாள மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். தமிழ் டீச்சர் தன் பையனையே தமிழில் படிக்க வைக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் அவளை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

"சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்டா அவன் பதில் சொல்ல முடியணும்னாளே மேடம். நாளைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒராள்கிட்டக் கேட்டுப் பாக்கணும். நீங்கோ சொல்லுங்கோ."

"நம்ம பையன் இந்த மூணு வருஷத்துல வரலையே."

"பரீட்சை பாக்கறதுக்குத்தானே. யார் தீர்மானிச்சது?"

"நான்தான்."

எழுதிக்கொண்டாள். "என்ன காரணம்?"

"அந்த ஸ்கூல் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம்."

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளிடம் சொன்ன அதே பதில். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ், ஸ்டாப்புக்கு, பக்கம் என்று ஒவ்வொரு வார்த்தையாக எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஓர் அப்பா சொன்னதை எழுதுவது போலவே எழுதினாள்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கொழுக்கட்டையைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கொடுத்தேன். ஆற்றங்கரை வரைக்கும் போனேன். கோயிலுக்குப் போய் மூன்று பிரதட்சிணம் வருவதற்குப் பதில் எத்தனை வந்தேன் என்று கணக்கே இல்லை. பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. கேள்வியைக் கொடு, கேள்வியைக் கொடு என்று இருபது தேங்காய் உடைத்துக் கேட்டது நான்தானே. கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டும்போது அரை மணி நேரக் கரென்ட் கட் வந்தது. அந்த நாளில் தினம் சாயங்காலம் உண்டு. பூஜை அறை விளக்கு மட்டும் எரிந்தது. அவள் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"பஸ் ஸ்டாப் இல்லை" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பும் வளையல் சத்தம் கேட்டது.

"பையன் நாலாம் கிளாஸ்ல இருக்கச்சே ஜுரம் வந்துதே, ஞாபகம் இருக்கா? மருந்துச் சீட்டை எடுத்துண்டு நான் போனேனே?"

"இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சு வந்தேள். கடையில கூட்டம்னு சொன்னேள்."

"கூட்டமே இல்லை. கடை பூட்டியிருந்தது. கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, மலையாளத்துல. நான் எழுத்துக் கூட்டிப் பாத்தேன். வரலை. சாப்பிடப் போயிருப்பான், இப்போ திறந்துடுவான்னு நின்னேன். ஒரு மணி நேரம் நின்னேன்."

"பக்கத்துல யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேக்கலாம்தான். வேட்டி கட்டிண்டு நெத்தி நிறைய விபூதி பூசிண்டு, இந்த ஊர்ல இத்தனை வருஷம் இருந்துட்டு, இதுல என்ன எழுதியிருக்குன்னு எப்படிக் கேக்கறது? அப்புறம் ஒருத்தர் வந்தார். காகிதத்தை ஒரு பார்வை பாத்தார். நேரா பின்தெருவுக்குப் போனார். நானும் பின்னாலயே போனேன். கடையை அங்கே மாத்தியிருந்தான். அதைத்தான் எழுதியிருந்தது."

பஸ் போர்டைக்கூட நிறத்தையும் கண்டக்டர் குரலையும் வைத்துத்தான் பிடிப்பேன். பேச்சு நன்றாக வரும். மலையாளம் படிக்கத்தான் எனக்குப் பொறுமை இல்லை என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவளும் நம்பியிருந்தாள், அல்லது நம்பினாற்போல் இருந்தாள்.

"என் பையன் இந்த ஊர்ல ஒரு கதவு முன்னாடியும் அப்படி நிக்கக் கூடாதுன்னு தோணிப்போச்சு. அதை உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்தது. பஸ் ஸ்டாப்புன்னு சொன்னேன். உன்னை எல்லாரும் பேசினா. அதுவும் எனக்குத் தெரியும்."



"நான் இங்கே குழந்தை நெத்தியில ஈரத்துணியைப் போட்டுண்டு, இந்த மனுஷன் எங்கே போய் அரட்டை அடிக்கறாரோன்னு உங்களைத் திட்டிண்டிருந்தேன்" என்றாள். அப்புறம், "என்கிட்டச் சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே அந்த ஸ்கூல்ல" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. இரக்கம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

கரென்ட் வந்ததும் அவள் காகிதத்தை எடுத்தாள். பஸ் ஸ்டாப் வரியை அடித்துவிடுவாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே மருந்துக் கடையை இரண்டு வரியில் எழுதினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேள்வியின் கடைசியில் ஒரு திருத்தம் செய்தாள். 'அவர்கள் முதலில் சொல்லும் காரணமும், பழகிய பின் சொல்லும் காரணமும் என்ன?'

"ஒவ்வொரு ஆத்துக்கும் ரெண்டு தடவை போகணும்" என்றாள். "ஒரு தடவை போனா பஸ் ஸ்டாப்புதான் கிடைக்கும்."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே காலேஜில் இருந்தோம். நான் வராந்தாவில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் நடந்தேன். இந்தத் தடவை உள்ளே சிரிப்புச் சத்தம் இல்லை. பேராசிரியை இரண்டொரு கேள்வி கேட்டது மட்டும் காதில் விழுந்தது. "பழகிய பின்னா? இது எங்கிருந்து கிட்டி?" என்றார். என் மனைவி என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. மெதுவாகப் பேசினாள். வெளியே வந்தபோது பியூன் கையில் ஒரு தாள் இருந்தது. அது நேராக ஆபீசுக்குப் போயிற்று. இவள் கையில் அதன் நகல். ஓரத்தில் நீல மசியில் கையெழுத்தும், கையெழுத்துக்கு மேலே மலையாளத்தில் ஒரு வரியும்.

கிழக்கேகோட்டையில் பஸ் மாறி ஏறினோம். இடம் கிடைத்தது. அவள் தாளை என் மடிமேல் வைத்தாள்.

"மேடம் என்ன எழுதியிருக்கா, படியுங்கோ."

"நீயே சொல்லேன்."

"நீங்கோ படியுங்கோ. நான் சொல்லமாட்டேன்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பஸ் குலுங்கியது. எழுத்து வளைந்து வளைந்து ஓடியது. முதல் எழுத்து 'கொ' என்று பிடித்தேன். அடுத்ததில் நின்றுவிட்டேன். கிள்ளிப்பாலம் போயிற்று. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள், எனக்கு அவசரம் காட்டாமல். 'ள்ளா' என்று வந்தது. கொள்ளாம். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

கண்டக்டர் "கரமனை, கரமனை" என்று கத்தினான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் நகரவில்லை. பஸ் கிளம்பிப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு போயிற்று. 'து', 'ட' என்று விரலை வைத்துக்கொண்டு போனேன். பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது முழு வார்த்தையும் கிடைத்துவிட்டது.

"துடங்கிக்கோளூ" என்று வாய்விட்டுப் படித்தேன்.

"தொடங்கலாம்னு அர்த்தம்" என்றாள்.

"அது தெரியும்" என்றேன்.

இறங்கிப் பாலத்தின்மேல் திரும்பி நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஹோட்டலுக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சரக்கு மாஸ்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று கவலையும் இருந்தது. ஆனாலும் வழியில் ஒவ்வொரு கடை போர்டுக்கும் என் கால் தானாக நின்றது. அவள் ஒவ்வொரு தடவையும் இரண்டடி முன்னால் போய், திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.